கிராம சபையில் உருப்படியான தீர்மானம் வாங்குவது எப்படி: ஏற்காட்டு ஊராட்சிகளுக்கு

'குடிநீர் வசதி மேம்படுத்தப்படும்' என்று கிராம சபையில் தீர்மானம் எழுதினால், அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு குழாயை மாற்றினாலும் மேம்பாடுதான். இதைத் தவிர்க்கும் முறை ஒன்று உலக அளவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 2011 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, மெக்சிகோ, நார்வே, பிலிப்பைன்ஸ், தென் ஆப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய 8 நாடுகள் 'ஓப்பன் கவர்ன்மென்ட் பார்ட்னர்ஷிப்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இதில் சேரும் அரசு, மக்கள் அமைப்புகளோடு உட்கார்ந்து செயல்திட்டம் எழுத வேண்டும். சொன்னதைச் செய்ததா என்று அரசுக்கு வெளியே உள்ளவர்கள் மதிப்பிடுவார்கள். 2016-ல் உள்ளாட்சி அளவிலான 15 அரசுகளும் சேர்ந்தன. கென்யாவின் மலைப்பாங்கான எல்கேயோ மரக்வெட் அதில் ஒன்று. இந்தியா ஆரம்பப் பேச்சில் இருந்துவிட்டு, தொடங்கும் முன்பே விலகிக்கொண்டது.

உறுப்பு நாடாக இல்லாவிட்டால் என்ன, முறையை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவரும் முன்பே, 1997-ல் தமிழ்நாடு தனக்கென ஒன்று இயற்றிய மாநிலம்.

தீர்மானத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எதைப் பார்த்துச் சரிபார்ப்பது. குடிநீரையே எடுத்துக்கொள்வோம். 'மேல்நிலைத் தொட்டி 15 நாளுக்கு ஒருமுறை கழுவப்படும். கழுவிய தேதியும், கடைசித் தெருக்குழாயில் எடுத்த குளோரின் அளவும் தொட்டியடிப் பலகையில் எழுதப்படும். பொறுப்பு ஊராட்சிச் செயலர். முதல் பதிவு மே 15-க்குள்.' எஞ்சிய குளோரின் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டியடியில் அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் வரும். அதனால் 'கடைசிக் குழாய்' என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தோட்டத்து ஆட்கள் வர வேண்டும் என்றால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நல்ல தேதிகள். மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் விடுமுறை இல்லை. வந்தால் ஒருநாள் கூலி போகும். நவம்பரில் மழையும் இருக்கும், காப்பிப் பழம் பறிப்பும் தொடங்கியிருக்கும்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் மலையில் இந்த எண்ணிக்கை எளிதில் சேராது. ஊருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, ஜீப்போ வேனோ முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கோரிக்கையை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னது தீர்மானப் புத்தகத்துக்குள் போகும்போது சுருங்கிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு, வருகைக் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு, தீர்மானம் எழுதும் முன்பே கலைந்து போவது. எழுதி முடிக்கும்வரை ஐந்தாறு பேராவது இருங்கள், சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

காட்டு நிலத்தில் உரிமை கேட்கும் வன உரிமை மனு என்றால் கணக்கே வேறு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி குக்கிராம அளவில் கூடும் சபைதான் செல்லும். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தின் தீர்மானத்தை இதற்குக் கொண்டுபோனால் மனு அந்தக் குறையாலேயே சிக்கிக்கொள்ளும்.

இனி சரிபார்ப்பு. சாலை வேலை முடிந்ததும், 'ஏற்காடு ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரியிட்டு தகவல் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். அலுவலகம் மாறிப் போனால் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(3).

'ஏன் ரோடு சரியில்லை' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால், பதிவேட்டில் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம் புக் என்கிற அளவைப் புத்தகத்தின் பக்கங்கள், இறுதிப் பட்டியல் (பில்). அதோடு பிரிவு 2(ஜே) படி வேலையை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். பலர் விட்டுவிடும் உரிமை இது. நகல் ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். தனி நபர் விவரம் கேட்டு மனுவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எம் புக் கையில் வந்ததும் 30 மீட்டர் டேப்போடு போங்கள். 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றிருந்தால் கான்கிரீட் 90 கன மீட்டர். 12 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் 72. ஐந்தில் ஒரு பங்கு காணவில்லை. ஓரத்தில் மட்டும் கனம் பார்த்து ஏமாறக் கூடாது, அங்கே கலவை வழிந்து தடித்திருக்கும். குழாய் புதைக்க வெட்டிய இடம் இருந்தால் அங்கே அளப்பது மேல். மலைச்சாலையில் மேட்டுப்பக்க வடிகாலையும் அளங்கள். எஸ்டிமேட்டில் இருந்து தரையில் இல்லாமல் போவது பெரும்பாலும் அதுதான். அது இல்லாவிட்டால் இரண்டாவது மழையில் சாலை அடியோடு அரிக்கும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் சரியான முடிவு வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதமாக வரும் நகலுக்குக் கட்டணம் கிடையாது; தகுந்த காரணம் இன்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும், அதனால் வேறு வழியையும் திறந்து வையுங்கள்: அளவெடுத்த தாளையும் எம் புக் நகலையும் அருகருகே வைத்து, திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணையே அடுத்த கிராம சபையின் முதல் கோரிக்கையில் எழுதுங்கள்.