பொங்கலுக்கு உறவினர் வருகிறார்களா? அடுப்படியை முன்னதாகவே முடித்துவையுங்கள்

தை பிறக்கும்போது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகள்கூடத் திறக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வந்த அன்று மாலை இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் செய்யத் தொடங்கினேன். அந்த மாவைக் கரண்டியால் ஒவ்வொன்றாகத்தான் எண்ணெயில் ஊற்ற முடியும். ஒன்று உப்பி எழும்பித் திரும்பிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். முற்றத்தைச் சுற்றிய வளவில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் ஒன்றரை மணி நேரம் வாணலியின் முன் நின்றிருந்தேன். ஊருக்குப் புறப்படும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னோட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவே இல்லையே" என்றார். அதன் பிறகுதான் பலகாரம் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றினேன்.

விருந்தினர் வீட்டுக்குள் நுழையும் வேளையில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பணியாரத்தை நாலைந்து பேர் மட்டும் இருக்கும் நாளுக்கு ஒதுக்கிவிட்டு, கூட்டம் கூடும் நாளில் கவுனி அரிசி என்னும் கருப்பரிசி இனிப்பைச் செய்யலாம். முதல்நாள் இரவே கழுவி, ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு நீர் ஊற்றி ஊறவையுங்கள். கருஞ்சிவப்பு நிறம் ஊறிய நீரில் இறங்கியிருக்கும் என்பதால், அதைக் கொட்டாமல் அந்த நீரிலேயே குக்கரில் குழைய வேகவிட வேண்டும். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். அந்தப் பதம் வருவதற்கு முன் சர்க்கரை சேர்த்தால் அரிசி மேற்கொண்டு வேகாமல் விறைத்துவிடும். மசிந்ததும் சூட்டோடு சர்க்கரையும் நெய்யும் ஏலப்பொடியும் சேர்த்து மூடிவையுங்கள். தேங்காய்ப்பூவைப் பரிமாறும்போது மட்டும் கலந்தால் மாலை வரை கெடாது.

தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் ஆகிய பலகாரங்களைப் பத்து நாட்களுக்கு முன்பே செய்து தூக்கில் அடைத்துவிடலாம். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும், இல்லையேல் நமுத்துப்போகும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சித்திரையில் சுகமாக இருந்தாலும், தை மாத இரவில் சில்லிடும். வெறும் பாய் போதாது. ஜமுக்காளங்களை ஒரு வாரத்துக்கு முன்பே துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பல வீடுகளில் கழிப்பறை பின்கட்டைத் தாண்டியே இருப்பதால், முதியவர்களுக்கு அதற்கு அருகிலேயே கட்டில் போட்டு, வழியில் இரவு விளக்கு ஒன்றும் எரியவிடுங்கள். படுக்கப் போகும் முன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவைத்தால், காலையில் குளியலறை வாசலில் நெரிசல் இராது.

செட்டிநாட்டின் இந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய நகரத்தார் முன்னோர், எல்லோருக்குமான சமையலை ஒருத்தியின் தலையில் சுமத்தவில்லை. மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்து', அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பும் தனி உலையுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே கூரைக்குள் பொறுப்பு பங்கிடப்பட்டிருந்தது. உறவினரிடம் வேலை சொல்லத் தயங்குபவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் "ஏதாவது உதவுங்களேன்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். "அயித்தான், காலை ஆறு மணிக்குப் பாலும் இலையும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள்" என்று ஆள், நேரம், பொருள் மூன்றையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கும் மனநிறைவாகவே இருக்கும். இலை போடுவதையும் தண்ணீர் வைப்பதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்பது அநாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், கார்த்திகையிலேயே கேட்டுவிடுவது அவர்களுக்கும் நல்லது. இருக்கை கிடைக்காமல் கடைசி நேரத்தில் அலைபவரை வைத்துக்கொண்டு எந்த வீட்டிலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. போகும் நாளும் நேரமும் தெரிந்தால் அரிசி, பால் கணக்கும் சரியாக இருக்கும். வழிக்குப் புளியோதரை கிளறி, நன்றாக ஆறவிட்டு, வாழையிலையில் கட்டிக் கொடுக்கவும் உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.