ஷேவ் செய்த மூன்றாம் நாள் கழுத்தில் எழும் கொப்புளங்கள்

தாடைக்குக் கீழே, கழுத்தில், ஷேவ் செய்து இரண்டு மூன்று நாளில் சிவந்து கிளம்பும் பொரிகளைப் பலரும் முகப்பரு என்றோ சூட்டுக் கொப்புளம் என்றோ எண்ணிக் கிள்ளிவிடுகிறார்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பொரியின் நடுவே மெல்லிய கருங்கோடு, சிலநேரம் முழு வளையமாகவே, தோலுக்கடியில் தெரியும். அது உங்கள் தாடி முடிதான். சுருண்டு வளரும் முடியைச் சாய்வாக வெட்டினால் நுனி ஊசிபோல் கூராகும். வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலைக் குத்தி உள்ளே போகும். உடம்பு அதை முள் தைத்தது போலவே எதிர்க்கிறது. வீக்கமும் அரிப்பும் அதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து மழித்தாலோ, மூன்று நான்கு பிளேடு அடுக்கிய ரேஸரை அழுத்தினாலோ, முடி தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். தோலை விட்டதும் நுனி உள்ளே போய்விடும். வெளியே வரும் முன்பே முடிக்குழியின் சுவரைத் துளைக்கும். வழவழவென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இங்கே பாதிப் பிரச்சினை.

கொப்புளம் இருக்கும்போது முதல் மருந்து, ரேஸரைக் கீழே வைப்பது. மூன்று நான்கு வாரம் தாடி வளரட்டும். முதல் வாரம் அரிப்பு கூடத்தான் செய்யும். அதற்குப் பயந்து மறுபடி மழித்தால் ஆரம்பத்துக்கே திரும்பிவிடுவீர்கள். முடி நீள நீள, உள்ளே மாட்டிய வளையங்கள் பெரும்பாலும் தாமாகவே விடுபட்டு வெளியே வரும். தாடி வைக்க முடியாத வேலை என்றால் டிரிம்மரில் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

தினமும் வெந்நீரில் நனைத்த துணியை 5 நிமிடம் ஒற்றி, மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம். வளையம் வெளியே தெரிந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியை அதனடியில் நுழைத்து நுனியைத் தூக்கி விடுங்கள். பிடுங்கவே கூடாது. பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது உள்ளேயே திரும்பக்கூடும்.

வீக்கமும் அரிப்பும் அதிகமானால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பு, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். சீழ்த்தலை தெரிந்தால், கிருமியைக் கொல்லும் 2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல். துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அடிக்கடி வருபவர்களுக்கு இரவில் பட்டாணி அளவு 0.1% அடாபலின் என்ற பரு ஜெல். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், முதலில் தோல் காய்ந்து உரியும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலவைக் களிம்பை மட்டும் தயவுசெய்து முகத்தில் போடாதீர்கள். இரண்டு நாளில் அடங்கியது போல் காட்டும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகும். படிகாரம் சிறு கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். உள்ளே போன முடியை அது ஒன்றும் செய்யாது.

தோல் ஆறிய பிறகு மீண்டும் மழிப்பதென்றால், முதலில் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் தாடியை விரலால் தடவினால் வழுக்கும் பக்கம்தான் முடியின் வாக்கு. கன்னத்தில் அது கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ, குரல்வளைக்குப் பக்கத்தில் சுழியாகவோ இருக்கும். கழுத்தில் மட்டும் கொப்புளம் வருபவர்களில் பலர், கீழ்நோக்கி மழிப்பதாக நினைத்துக்கொண்டு எதிர்வாக்கில் மழிப்பவர்கள்தாம்.

குளித்த பிறகு மழியுங்கள். ஊறிய முடி மிருதுவாக வெட்டுப்படும். நுரை போட்டு இரண்டு நிமிடம் விட்டு, ஒற்றை பிளேடு ரேஸரால், தோலை இழுக்காமல், சின்னச் சின்ன இழுப்பாக, வாக்கோடு ஒரே தடவை. அதே இடத்தில் மறுபடி ஓட்ட வேண்டாம். ஐந்தாறு ஷேவுக்கு ஒரு பிளேடு. சலூனில் "ரிவர்ஸ் வேண்டாம், ஒரு தடவை போதும்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். புது பிளேடு மாட்டுவதையும் கண்ணால் பாருங்கள். கை கால், அக்குள், அந்தரங்கப் பகுதி எங்கும் இதே முறைதான். வாக்சிங் செய்தாலும் முடி பாதியில் அறுந்தால் இதே தொல்லை வரும்.

நம் நிறத் தோலில் கொப்புளம் போனாலும் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளாமல் இருப்பதும், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவுவதும் அதைக் குறைக்கும். எதற்கும் அடங்காதவர்களுக்கு லேசர் நல்ல வழி. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகைதான் பாதுகாப்பானது என்பதால் எந்த இயந்திரம் என்று கேட்டுவிட்டே உட்காருங்கள்.

வட்டமாகப் படர்ந்து செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, வலிக்கும் பெரிய கட்டி, பின்கழுத்தில் கெட்டியாகித் தடிக்கும் தழும்பு, இவற்றில் எது தெரிந்தாலும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.