மாசும் வறுமையும் சேர்ந்து வாட்டும் குடியிருப்பில் கள ஆய்வு செய்வது எப்படி?

வளரும் நாடொன்றில் மாசு மக்களின் நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்று அறியப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் காற்றையும் நீரையும் அளந்துவிட்டு, குடும்ப வருமானத்தை வேறொரு படிவத்தில் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இவ்விரண்டையும் ஒரே வீட்டுக்குள் சேர்த்துப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான். மாசினால் நோய் வருகிறது, நோயினால் கூலி போகிறது, கூலி போனபின் அந்த இடத்தை விட்டு நகரவும் வழியில்லாமல் போகிறது. 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் மாசினால் நேர்ந்த ஏறத்தாழ 90 லட்சம் அகால மரணங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் நிகழ்ந்தவை என்று லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது.

அடுப்படியிலிருந்து தொடங்குங்கள். காற்றிலுள்ள நுண்துகளை (PM2.5) அளக்கும் கருவியைச் சுவரின் உச்சியில் மாட்டாமல், சமைப்பவர் அடுப்பின் முன் இருக்கும்போது அவருடைய மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் 24 மணி நேரம் வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இந்த நுண்துகளுக்குப் பரிந்துரைத்த ஒருநாள் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். விறகு எரியும் அடைத்த அறையில் அளவு சில நூறைத் தாண்டுவது அரிதன்று. எந்த எரிபொருள் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எரிவாயு உருளையைக் கடைசியாக எப்போது நிரப்பினார்கள், அது தீர்ந்த நாள்களில் எதை எரித்தார்கள் என்றும் கேளுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள். நிலத்தடி நீரில் கலந்திருக்கக்கூடிய ஆர்சனிக் என்னும் நஞ்சுக்கு நிறமும் மணமும் இல்லை, கொதிக்கவைத்தாலும் அது போகாது.

ஈயத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் இடத்துக்கு அருகில் விளையாடும் குழந்தையின் உடல், உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் இன்னும் மிகுதியாக உறிஞ்சும். பசி நஞ்சுக்குத் துணைபோவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. விரல்நுனியில் இரத்தம் எடுப்பதானால், தோலில் ஒட்டிய தூசி முடிவைக் கெடுத்துவிடாதபடி முதலில் சோப்பிட்டுக் கையைக் கழுவச் செய்யுங்கள். இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும். அத்தகைய குழந்தையை எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யாமல் பரிசோதனையைத் தொடங்குவது அநியாயம்.

பிறகு நோயின் கணக்கைக் கேளுங்கள். எனது மதிப்பீட்டில் ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் யாருக்கு இருமலோ வயிற்றுப்போக்கோ வந்தது, அவரைப் பார்த்துக்கொள்ள யார் வேலைக்குப் போகவில்லை, எத்தனை நாள் கூலி போயிற்று, மருந்துக்கு யாரிடம் என்ன வட்டிக்குக் கடன் வாங்கினார்கள், எதை விற்றார்கள், எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். "மாசினால் பாதிப்பு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் பழகிவிட்டது" என்ற பதிலே கிடைக்கும்.

புகைவிடும் ஆலையே பல வீடுகளுக்குக் கூலியும் தருவதால் மக்கள் பேச அஞ்சுவார்கள், அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே ஆலை வாயிலருகே பேட்டி எடுக்காதீர்கள், விடைத்தாளில் பெயர் எழுதாதீர்கள், பெண்களிடம் தனியே பேசுங்கள். முடிவுகளை அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் முன், குடியிருப்பு மக்களின் மொழியில், அவர்கள் கூடும் இடத்தில் படித்துக்காட்டி, எதை வெளியிடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.