ஹெர்-2 புற்றுநோய்: மருந்து இருந்தும் பலன் நழுவும் இடங்கள்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தினரின் கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. செல்லின் மேல்புறத்தில் நின்றுகொண்டு ‘வளர், பெருகு’ என்ற கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. இத்தகைய கட்டிகள் வேகமாகத் திரும்பி வருவதை 1987-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தையே பிடித்து முடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்படியொரு மருந்து கையில் இருந்தும், தவிர்க்கக்கூடிய தவறுகளால் பலன் நழுவிப்போவது வேதனை.

பயாப்சி எடுத்த அன்றே முதல் தவறு நடக்கலாம். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குள் போக வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். உப்புநீரில் போட்டு, ஆள் வரும்வரை காத்திருந்தால் புரதம் சிதையும். இருக்கும் ஹெர்-2 இல்லாததுபோல் அறிக்கை வரக்கூடும். திசுவை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வீட்டார் தயங்காமல் கேட்கலாம்.

அதைவிட அதிகமாகக் குழப்புவது, திசுவில் ஹெர்-2 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அறிக்கையில் வரும் 2+ என்ற மதிப்பெண். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்பது இன்னும் முடிவாகாத நிலை. ஹெர்-2 புரதத்தின் மரபணு பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் பரிசோதனை செய்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதைச் செய்யாமல் ‘இல்லை’ என்று ஒதுக்குவதும் தவறு, ‘இருக்கிறது’ என்று விலை உயர்ந்த மருந்தைத் தொடங்குவதும் தவறு. பரிசோதனை வேறு ஊரில்தான் உண்டு என்றால், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி அனுப்புங்கள். அந்தப் பிளாக் பல ஆண்டுகள் கழித்தும் உதவும். அறிக்கையை மட்டும் பத்திரப்படுத்துவது போதாது.

‘நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதி, மதிப்பெண்ணை விட்டுவிடும் அறிக்கையையும் ஏற்காதீர்கள். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களில், 1+ அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+ உள்ளவர்களுக்கும் டிராஸ்டுசுமாபுடன் கீமோ மருந்தை இணைத்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் பலன் தருவதை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மருந்து நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடியது. வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு நாளைக் கடத்தக் கூடாது. நோய் திரும்பி வந்தால், முடிந்தவரை புதிய இடத்திலிருந்தும் பயாப்சி எடுக்க வேண்டும். ஹெர்-2 நிலை மாறியிருக்கலாம்.

கீமோவைப் போல முடி கொட்டவில்லை என்பதால் டிராஸ்டுசுமாபைத் தீங்கற்றதாக எண்ணிவிடுகிறார்கள். அது இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கலாம். தொடங்குமுன் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். நேரத்தில் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று எக்கோவைத் தவிர்ப்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கீமோ முடிந்ததும் சிகிச்சையே முடிந்ததாக நினைத்து ஊசியை நிறுத்துவதும் உண்டு. ஆரம்ப நிலை நோய்க்கு வழக்கமான காலம் ஓராண்டு. ஒரு தவணை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் முதல் தவணைபோல் கூடுதல் அளவில் மறுபடி தொடங்க நேரும். தள்ளிப்போனதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மூல மருந்துக்கு இணையாக வேறு நிறுவனங்கள் தயாரிக்கும், விலை குறைந்த பயோசிமிலர் என்றால் போலி என்று அஞ்ச வேண்டாம். பயோகான், மைலான் நிறுவனங்கள் உருவாக்கிய டிராஸ்டுசுமாபுக்கு 2017-ல் அமெரிக்காவே அனுமதி தந்தது. கவனம் வேண்டியது மருந்தின் பெயரில். டிராஸ்டுசுமாபின் தொடர் தவணை உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம். பெயர் ஒத்த வேறு மருந்தான டிராஸ்டுசுமாப் எம்டான்சின் 3.6 மில்லிகிராம்தான். ஊசி ஏற்றுமுன் பாட்டிலில் உள்ள முழுப் பெயரையும் சீட்டில் உள்ளதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.