பழைய சட்டத்தில் ‘சென்னை’ என்று இருந்தால் எப்படிப் படிப்பது?

வேலூர் கொசப்பேட்டையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1962-ஆம் வருடத்து வீட்டு வரி நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் தலைப்பு தெளிவாக இருந்தது: ‘சென்னை மாவட்ட முனிசிபாலிட்டிகள் சட்டம், 1920’. “வேலூர் வீட்டுக்கு எதுக்குண்ணா சென்னைச் சட்டம்?” என்றாள் தங்கை. நியாயமான கேள்வி. பழைய பத்திரம், நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் இப்படிப் பாருங்கள்.

முதலில், அந்தச் சொல் ஊரையா, மாநிலத்தையா குறிக்கிறது? முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இங்கேதான். அன்றைக்கு மாநிலமும் சென்னை, தலைநகரும் சென்னை; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘மெட்ராஸ்’. சென்னை நகரத்துக்கு 1919-லேயே தனிச் சட்டம் உண்டு. 1920 சட்டம், வேலூர் இருந்த வட ஆற்காடு போன்ற மாவட்டங்களில் இருந்த முனிசிபாலிட்டிகளுக்கானது. அதனால் ‘மாவட்ட’ என்பதை ‘முனிசிபாலிட்டி’யோடு சேர்த்துப் படியுங்கள், ‘சென்னை’யோடு சேர்க்காதீர்கள்.

அப்புறம் தேதி. நாடாளுமன்றம் 1968-ல் இயற்றிய 53-ஆம் சட்டத்தின்படி, 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. சரி, பழைய சட்டங்களுக்குள் இருந்த ‘மெட்ராஸ்’ என்ன ஆனது? அதைத் திருத்தத்தான் 1969-ல் தமிழ்நாடு சட்டங்கள் தழுவல் ஆணை வந்தது. மாநிலத்தைக் குறித்த இடங்களில் ‘மெட்ராஸ்’ போய் ‘தமிழ்நாடு’ வந்தது. வரி போடும் விதிகள் அப்படியே இருந்தன. யாரும் பேசாத இந்தச் சின்ன ஆணை இல்லாவிட்டால் எத்தனை சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்திருக்கும்!

அந்தச் சட்டத்தின் பிந்தைய பதிப்பு கிடைத்தால் பக்கத்தின் அடியைப் பாருங்கள். ‘தமிழ்நாடு’ என்ற சொல்லருகே பொடி எண் ஒன்று இருக்கும். அதே எண்ணுக்கு நேராகக் கீழே, ‘மெட்ராஸ்’ என்பதற்குப் பதிலாக இந்த ஆணையால் இடப்பட்டது என்று குறிப்பு இருக்கும். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பாதி விஷயம் தப்பிவிடும்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள்: 1920-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம். பெயர் மாறினாலும் இது மாறவில்லை.

நகரத்தின் கதை வேறு. 1919 சட்டத்தில் ‘மெட்ராஸ்’ நகரம் ஆங்கிலத்திலும் ‘சென்னை’ ஆனது 1996-ல் வந்த இன்னொரு பெயர் மாற்றச் சட்டத்தால். இரண்டையும் கலக்காதீர்கள்.

இன்றைய வரிப் பிரச்சினைக்கு இந்த 1920 சட்டத்தைப் புரட்ட வேண்டாம். 2023-ல் நடைமுறைக்கு வந்த, 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தைப் பாருங்கள். தாத்தாவின் நோட்டீஸுக்கு மட்டும் பழையதுதான்.