ரூம்மேட் காலி செய்கிறாரா? அட்வான்ஸ் தகராறு இல்லாமல் புது ஆளைச் சேர்ப்பது எப்படி

சென்னையில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் கிளம்பினால், ஹவுஸ் ஓனர் பெரும்பாலும் அவர் பங்கு அட்வான்ஸைத் தனியாகத் தரமாட்டார். வீடு மொத்தமாகக் காலியானால்தான் பணம். அதனால் புதிதாக வருபவர் கொடுப்பதுதான் போகிறவர் கைக்குப் போகும். இதை வாய்ப்பேச்சிலேயே முடித்துவிடுவதால்தான் பிற்பாடு மனக்கசப்பு வருகிறது.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாடகை 24,000 ரூபாய், ஆளுக்கு 6,000. அட்வான்ஸ் 72,000, ஆளுக்கு 18,000.

1. ஆள் தேடும் முன் ஓனரிடம் பேசுங்கள்

போகிறவர் ஒரு மாதம் முன்னதாகவே, வாட்ஸ்அப்பிலாவது, எழுத்தில் தேதியைச் சொல்லிவிட வேண்டும். பிறகு அக்ரிமென்ட்டை எடுத்து யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். போகிறவர் பெயர் மட்டும் இருந்தால், மற்ற மூவருக்கும் அட்வான்ஸில் பங்கு உண்டு என்பதற்குக் காகிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அவர் ஊரைவிட்டுப் போவதற்குள் புது அக்ரிமென்ட் போட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. ஓனருக்குத் தெரியாமல் ஆளை மாற்றினால் அந்தச் சிக்கலில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

2. வருபவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியவை

வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிச் செலவு, வேலைக்கார அக்காவின் சம்பளம் என மாதம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். நைட் ஷிப்டா, சமையல் உண்டா, விருந்தாளி தங்கலாமா என்பதையும் பேசிவிடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால், அவர் வராமல் போனால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை அப்போதே மெசேஜில் எழுதிவிடுங்கள். ஓனர் சம்மதிக்கும் முன் முழு அட்வான்ஸை வாங்க வேண்டாம்.

3. பெயின்டிங் கழிவைப் பிரியுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பரவலான வழக்கம். அதில் ஆளுக்கு 6,000 வரும். இரண்டு வருடம் இருந்தவர் முழு 18,000 வாங்கிக்கொண்டு போனால், அவர் காலத்து அழுக்குக்கும் புதிதாக வந்தவர்தான் தண்டம் கட்டுவார். அது நியாயமே இல்லை.

ஒரு பெயின்டிங் 36 மாதம் தாங்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் கணக்கு எளிது. 24 மாதம் இருந்தவர் பங்கு 6,000-இல் 4,000. ஆகவே வருபவர் 14,000 கொடுத்தால் போதும். ஓனரிடம் இருக்கும் 18,000 அவர் பங்காக மாறிவிடும். சுவரில் ஆணி ஓட்டை, உடைந்த கண்ணாடி போன்றவை போகிறவரால் வந்தவை என்றால் அதைத் தனியாகக் கழியுங்கள்.

பணம் ஜிபேயில் போகட்டும். கூடவே போகிறவர், வருபவர், மற்ற மூவர், ஓனர் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும்: “அட்வான்ஸ் 72,000-இல் 18,000-க்கான உரிமை இன்று முதல் இன்னாருக்கு மாறுகிறது. போகிறவருக்கு இனி பாக்கி ஏதும் இல்லை.”

4. இபி மீட்டர்

பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், கிளம்பும் நாளில் மீட்டரை போட்டோ எடுங்கள். கடைசி பில்லில் 14,320, இன்று 14,500 என்றால் அதுவரை ஓடியது 180 யூனிட். இப்போதே ரூபாயாகப் போட்டால் தப்பாகும். யூனிட் கூடக்கூட ஸ்லாப் ரேட்டும் ஏறும், இலவச யூனிட்டும் மொத்த பில்லில்தான் கழியும். பில் 420 யூனிட்டுக்கு வந்தால், தொகையை 420-ஆல் வகுத்து 180-ஆல் பெருக்கி, அதில் நாலில் ஒரு பங்கை அவரிடம் வாங்குங்கள். நாள் கணக்கில் பிரித்தால், ஏசி ஓடாத நாட்களில் இருந்தவர் ஓடிய நாட்களுக்கும் சேர்த்துக் கட்ட நேரும். வாடகைக்கு நாள் கணக்கே சரி: 6,000-க்கு ஒரு நாள் 200.

5. அவர் பெயரில் இருப்பவை

கேஸ் கனெக்‌ஷன் அவர் பெயரில் இருந்தால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் அவரோடு போய்விடும். அடுப்பு அணைவதற்குள் புது கனெக்‌ஷனுக்கு எழுதிக்கொடுங்கள். வைஃபையும் அப்படித்தான்: ஓடிபி அவர் போனுக்கே போகும் என்பதால், அவர் இருக்கும்போதே மொபைல் நம்பரை மாற்றிவிடுங்கள்.

6. சாவி கொடுக்கும் நாள்

போகிறவர், வருபவர் இருவரையும் வைத்துக்கொண்டு அறை, அலமாரி, பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். வாசல், அறை, மாடிக் கதவு என்று சாவிகளை எண்ணி வாங்குங்கள். வருபவர் ஓனருக்கு ஆதார் நகல் கொடுக்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரிவதைக் கொடுக்கலாம். இபி பில் வந்து கணக்கு முடியும்வரை போனவரை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.