பழைய இசைத்தட்டைத் துடைக்கும் முன்

தருமபுரி, பாலக்கோடு பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் இன்னமும் இசைத்தட்டுகள் கிடக்கின்றன. அவற்றைத் துடைக்க எடுப்பவர்கள் முதலில் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. ஸ்பிரிட், சானிடைசர் எதையும் அதன்மேல் படவிடாதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும். பாட்டும் அதோடு போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக் கூடாது. ஊறவைக்காமல் உடனே ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துங்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் தூள் பறக்கும் இடங்களில் இருப்பவர்கள், ஈரம் படுவதற்கு முன்பே உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிடுவது கட்டாயம். இல்லையென்றால் அந்தத் துகளே தட்டைக் கீறும்.

ஊசியும் முக்கியம். மெதுவாகச் சுழலும் நீண்ட நேரத் தட்டான எல்.பி.க்குரிய ஊசியை 78இல் வைக்காதீர்கள். 78க்கான ஊசிமுனை ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி இரைச்சலைத்தான் பொறுக்கியெடுக்கும். சரியான ஊசியில் ஒரு பழைய நாதசுரப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியும் கிடைக்காத நிறைவு அதில் இருக்கிறது.

கேட்டு முடித்ததும் உறையிலிட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். பரணில் மட்டும் மீண்டும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் தட்டு வளைந்துவிடும்.